பூரிம்: கடிதங்களால் பிறந்த கொண்டாட்டம்

யூதர்களின் ஜெபக்கூடத்தில் வேதம் வாசிக்கும்போது பொதுவாக யாரும் குறுக்கே பேசுவதில்லை. வருடத்தில் ஒரு நாள் இரவும் மறுநாள் காலையும் மட்டும் அங்கே காது அடைத்துப்போகும் அளவுக்குச் சத்தம் எழும். வாசிப்பவர் 'ஆமான்' என்ற பெயரைச் சொன்னதுமே பிள்ளைகள் கிலுகிலுப்பையைச் சுழற்றுவார்கள், பெரியவர்கள் காலால் தரையை உதைப்பார்கள், சிலர் கத்துவார்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வாசிப்பவர் அடுத்த சொல்லுக்குப் போவார். அந்தப் பெயர் வாசிப்பில் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது. கேட்க வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ராஜா, ராணி, சிங்கம், கோமாளி என்று வேஷம் போட்டிருப்பார்கள்.

இந்தப் பண்டிகையின் பெயர் பூரிம். யூத நாட்காட்டியில் ஆதார் மாதம் 14-ஆம் நாள் வரும். நம் கணக்கில் சொன்னால் மாசி அல்லது பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி, பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ இருக்கும். யூத மாதங்கள் நிலவை வைத்து ஓடுபவை. ஆனால் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை வசந்த காலத்தில்தான் வர வேண்டும் என்பது விதி. அதனால் 19 வருடங்களில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அப்படிச் சேரும் மாதமும் ஆதார்தான். இரண்டு ஆதார் வரும் வருடத்தில் இரண்டாவது ஆதாரில் பூரிம். அப்புறம் சரியாக ஒரு மாதத்தில் பஸ்கா. 'ஆதார் பிறந்தால் மகிழ்ச்சியைக் கூட்டு' என்று, யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தல்மூத் சொல்கிறது.

சரி, எதற்காக இவ்வளவு ஆரவாரம்? அதற்குக் கதை தெரிய வேண்டும். தமிழில் பைபிள் படித்தவர்களுக்கு எஸ்தர் புத்தகம் அறிமுகமாகியிருக்கும். பத்தே அதிகாரங்கள். அதன் முதல் வசனமே, இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு என்ற பாரசீக மன்னரின் பெயரோடு தொடங்குகிறது. எபிரேய வேதத்தில் இந்தியாவின் பெயர் வருவது இந்த ஒரு புத்தகத்தில் மட்டும்தான்.

கி.மு. 586-இல் பாபிலோனியர்கள் எருசலேமை இடித்து யூதர்களைச் சிறைபிடித்துப் போனார்கள். கி.மு. 539-இல் பாரசீக மன்னர் கோரேசு பாபிலோனைப் பிடித்தபின், ஊர் திரும்பலாம் என்று அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒரு பகுதியினர் திரும்பினார்கள். நிறையப் பேர் போன இடத்திலேயே வீடு, தொழில், பிள்ளைகுட்டி என்று தங்கிவிட்டார்கள். எஸ்தர் கதை இவர்களுடையது. சொந்த அரசு கிடையாது, படை கிடையாது, அரண்மனையில் யாருடைய மனம் எப்போது மாறும் என்று தெரியாத சிறுபான்மை வாழ்க்கை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பூரிமின் எல்லா வழக்கங்களும் எளிதில் பிடிபடும்.

கதை சூசான் நகரத்து அரண்மனையில் தொடங்குகிறது. இன்றைய ஈரானில் ஷூஷ் என்ற பெயரில் அந்த ஊர் இருக்கிறது. பாரசீக அரண்மனையின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மன்னர் 180 நாள் விருந்து வைக்கிறார். அது முடிந்ததும் ஊராருக்கு இன்னும் ஏழு நாள். கடைசி நாளில் போதையில், பட்டத்து ராணி வஸ்தி கிரீடம் அணிந்து சபைக்கு வந்து எல்லோருக்கும் தன் அழகைக் காட்ட வேண்டும் என்று ஆள் அனுப்புகிறார். வஸ்தி வர மறுக்கிறாள். அவளுடைய பதவி போகிறது. அதோடு விடாமல், வீட்டுக்கு வீடு ஆண்களே அதிகாரம் செலுத்த வேண்டும் என்று பேரரசின் எல்லா மொழிகளிலும் கடிதம் போகிறது. கதையில் வரும் முதல் கடிதம் இது. இன்னும் வரும், எண்ணிக்கொண்டே போகலாம்.

புதிய ராணிக்காக நாடெங்கும் இளம்பெண்களைத் திரட்டிக் கொண்டுவருகிறார்கள். அவர்களில் ஒருத்தி எஸ்தர். தாய் தகப்பன் இல்லாதவள். அவளை வளர்த்தவர் மொர்தெகாய். அவருடைய சிற்றப்பா மகள் அவள், முறைக்கு அண்ணன் தங்கை. மன்னருக்கு எஸ்தரைப் பிடித்துப்போய் அவள் ராணியாகிறாள். தான் யூதப் பெண் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்பது மொர்தெகாயின் அறிவுரை. இதற்கிடையில் மன்னரைக் கொல்ல இரண்டு அரண்மனைக் காவலர்கள் போட்ட திட்டம் மொர்தெகாயின் காதில் விழுகிறது. எஸ்தர் மூலமாகச் சொல்லி மன்னரைக் காப்பாற்றுகிறார். அது அரண்மனைக் குறிப்பேட்டில் பதிவாகிறது. ஒரு நன்றிகூட யாரும் சொல்லவில்லை.

அடுத்து ஆமான் வருகிறான். மன்னருக்கு அடுத்த இடத்துக்கு உயர்ந்தவன். வாசலில் எல்லோரும் அவன் முன் மண்டியிட, மொர்தெகாய் மட்டும் நின்றுகொண்டே இருக்கிறார். ஒரு மனிதன் மேல் வந்த ஆத்திரத்தை ஆமான் அந்த மனிதனின் இனம் முழுவதன் மேலும் திருப்புகிறான். அழிப்பதற்கு ஒரு நல்ல நாள் பார்க்கச் சீட்டுப் போடுகிறான். அந்தச் சீட்டுக்கு 'பூர்' என்று பெயர். பண்டிகையின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். சீட்டு ஆதார் மாதம் 13-ஆம் நாளைக் காட்டுகிறது. 'தங்களுக்கென்று தனிச் சட்டம் வைத்துக்கொண்டு எல்லா நாடுகளிலும் சிதறிக் கிடக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களை விட்டுவைப்பது மன்னருக்கு நல்லதல்ல' என்கிறான். பத்தாயிரம் தாலந்து வெள்ளி தருவதாகவும் சொல்கிறான். எந்த மக்கள் என்றுகூடக் கேட்காமல் மன்னர் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறார். இளைஞர், முதியவர், பெண்கள், குழந்தைகள் அத்தனை பேரையும் ஒரே நாளில் கொன்று சொத்தைக் கொள்ளையிடலாம் என்ற கடிதத்தோடு குதிரைகள் நாலாபுறமும் ஓடுகின்றன. அதன் பிறகு வரும் ஒரு வரி எனக்கு மறப்பதே இல்லை: மன்னரும் ஆமானும் குடிக்க உட்கார்ந்தார்கள், சூசான் நகரமோ கலங்கிப்போனது.

மொர்தெகாய் சாக்கு உடுத்திச் சாம்பல் பூசிக்கொண்டு வாசலில் அழுகிறார். மன்னரிடம் போய்ப் பேசு என்று எஸ்தருக்குச் சொல்லி அனுப்புகிறார். அழைக்காமல் மன்னர் முன்னால் போனால் மரண தண்டனை. பொற்செங்கோலை அவர் நீட்டினால் மட்டுமே உயிர் தப்பும். முப்பது நாளாகத் தனக்கு அழைப்பே வரவில்லை என்று எஸ்தர் பதில் சொல்கிறாள். அதற்கு மொர்தெகாய் சொல்வது கடுமையானது: அரண்மனையில் இருப்பதால் நீ மட்டும் தப்பிவிடுவாய் என்று நினைக்காதே. நீ பேசாமல் இருந்தாலும் யூதர்களுக்கு வேறொரு இடத்திலிருந்து விடுதலை வரும். ஆனால் யாருக்குத் தெரியும், இப்படி ஒரு நேரத்துக்காகத்தான் நீ ராணியானாயோ என்னவோ.

இந்தப் பதிலுக்குப் பிறகு எஸ்தர் வேறு ஆளாகிறாள். அதுவரை பிறர் சொன்னதைக் கேட்டு நடந்தவள் இப்போது கட்டளையிடுகிறாள். சூசானில் உள்ள யூதர்கள் எல்லோரும் எனக்காக மூன்று நாள் உபவாசம் இருங்கள், நானும் இருக்கிறேன், அப்புறம் போகிறேன், சாவதானால் சாகிறேன். போகிறாள். செங்கோல் நீள்கிறது. உடனே அவள் எதையும் கேட்டுவிடவில்லை. மன்னரையும் ஆமானையும் விருந்துக்கு அழைக்கிறாள். அந்த விருந்தில் மறுநாளும் வாருங்கள் என்கிறாள். பெருமையில் மயங்கிப்போன ஆமான் வீட்டுக்குப் போய், மொர்தெகாயைத் தொங்கவிட ஐம்பது முழ உயரத்தில் தூக்குமரம் நடுகிறான்.

அன்று இரவு மன்னருக்குத் தூக்கம் வரவில்லை. முழுக் கதையும் திரும்புவது இங்கேதான், ஒரு மனிதனுக்குத் தூக்கம் வராததில். குறிப்பேட்டைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறார். மொர்தெகாய் உயிரைக் காப்பாற்றிய பக்கம் வருகிறது. இவருக்கு என்ன மரியாதை செய்தோம் என்று கேட்கிறார், ஒன்றுமில்லை என்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, மொர்தெகாயைத் தூக்கிலிட அனுமதி கேட்க ஆமான் வந்து நிற்கிறான். 'நான் கௌரவிக்க விரும்பும் ஒருவருக்கு என்ன செய்யலாம்?' என்று மன்னர் கேட்க, தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அரச உடை, அரசரின் குதிரை, வீதி ஊர்வலம் என்று அடுக்குகிறான் ஆமான். அத்தனையையும் மொர்தெகாய்க்கு அவன் கையாலேயே செய்ய வேண்டியதாகிறது. இரண்டாம் விருந்தில் எஸ்தர் தான் யார் என்பதைச் சொல்லி ஆமானைச் சுட்டிக்காட்டுகிறாள். அவன் நட்ட மரத்தில் அவனே தொங்குகிறான்.

ஆனால் மன்னரின் முத்திரை பதிந்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது பாரசீகச் சட்டம். அதனால் இன்னொரு கடிதம் போகிறது: தாக்க வருபவர்களை எதிர்த்து யூதர்கள் ஆயுதம் எடுக்கலாம். ஆதார் 13-இல் சண்டை நடக்கிறது, யூதர்கள் பிழைக்கிறார்கள். மறுநாள் 14, ஓய்வும் விருந்தும். சூசானில் மட்டும் சண்டை ஒரு நாள் நீண்டதால் அங்கே 15-இல்தான் கொண்டாட்டம். இதனால் இன்றும் பூரிமுக்கு இரண்டு தேதிகள் உண்டு. மோசேக்குப் பின் இஸ்ரவேலரை வழிநடத்திய யோசுவாவின் காலத்திலேயே மதில் இருந்த நகரங்களில் 15, மற்ற ஊர்களில் 14. தெல் அவீவில் வேஷம் கலைக்கும் நேரத்தில் எருசலேமில் வேஷம் கட்டத் தொடங்குவார்கள்.

கடைசிக் கடிதங்களை மொர்தெகாயும் எஸ்தரும் எழுதுகிறார்கள். இந்த நாட்களை வருடந்தோறும் கொண்டாடுங்கள், ஒருவருக்கொருவர் உணவு அனுப்புங்கள், ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று. பஸ்காவும் கூடாரப் பண்டிகையும் மோசேயின் சட்டத்தில் கடவுள் கட்டளையிட்டவை. பூரிமோ, உயிர்தப்பிய இரண்டு மனிதர்கள் கடிதம் போட்டு ஏற்படுத்தியது. மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். கொலைக்கு ஆணையிடக் கடிதம், அதைத் தடுக்கக் கடிதம், தப்பியதைக் கொண்டாடவும் கடிதம். பல சமூகங்களில் வாசிப்புக்கு முன் தோல் சுருளை விரித்து, கடிதத்தை மடிப்பதுபோல் மடித்து வைத்துக்கொள்வது இதனால்தான். இந்தச் சுருளுக்கு மெகில்லா என்று பெயர்.

எல்லோரும் மெகில்லாவை இரவு ஒரு முறையும் பகலில் ஒரு முறையும் கேட்க வேண்டும். நேரம் குறித்துச் செய்யும் பல கடமைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் இதில் கிடையாது. 'அவர்களும் அந்த அற்புதத்தில் இருந்தார்கள்' என்று தல்மூத் காரணம் சொல்கிறது. ஆமானின் பத்து மகன்களின் பெயர்களை மூச்சு விடாமல் ஒரே தம்மில் வாசிப்பார்கள். ஆமானின் பெயருக்குச் சத்தம் எழுப்புவது அதை அழிக்க. ஆமானை இஸ்ரவேலின் பழைய பகைவரான அமலேக்கியரின் வழிவந்தவன் என்று மரபு சொல்கிறது; அமலேக்கின் பேரை அழித்துவிடு என்பது வேதக் கட்டளை. கல்லில் பெயரை எழுதி இன்னொரு கல்லால் தட்டித் தேய்ப்பதும், செருப்பின் அடியில் எழுதிக்கொண்டு தரையில் உதைப்பதும்கூட இருந்தது.

பகலில் நண்பர் ஒருவருக்காவது இரண்டு வகை உணவு அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வீடு தட்டும் கூடையும் கைமாறும். ஏழைகள் இரண்டு பேருக்காவது பணமோ உணவோ கொடுக்க வேண்டும். அன்று கை நீட்டுபவர் யார், உண்மையிலேயே தேவை உள்ளவரா என்று விசாரிக்கக் கூடாது. கேட்டவருக்குக் கொடுத்துவிட வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடிஸ் இதில் ஒரு வரிசை வைத்தார். விருந்துக்கும் நண்பர்களுக்கும் செலவழிப்பதைவிட ஏழைகளுக்குக் கூடுதலாகச் செலவழி, ஏழை, அனாதை, விதவை, அந்நியர் மனதைக் குளிரவைப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை என்றார். பூரிமின் மையம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வெளியாளாக இருப்பதன் பயத்தை அனுபவித்தவர்களின் பண்டிகை, இன்னொரு வெளியாளின் வயிறு நிறைவதைக் கடமையாக்கியிருக்கிறது.

மாலையில் பெரிய விருந்து. ஐரோப்பிய யூதர்கள் கசகசா அல்லது பிளம் ஜாம் வைத்த முக்கோணப் பிஸ்கட் சுடுவார்கள். இஸ்ரேலில் அதற்கு 'ஆமானின் காதுகள்' என்று பெயர். எஸ்தர் அரண்மனையில் இறைச்சியைத் தவிர்த்து விதைகளும் பருப்பும் சாப்பிட்டாள் என்று ஒரு பழைய கருத்து உண்டு. கசகசாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் காரணம் கேட்டால் பலரும் அதைச் சொல்வார்கள்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலரும் முதலில் கேட்பது அதைத்தான். 'ஆமான் ஒழிக' என்பதற்கும் 'மொர்தெகாய் வாழ்க' என்பதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பூரிமில் குடிக்க வேண்டும் என்று ராவா என்ற அறிஞர் சொன்னதாகத் தல்மூத் பதிவு செய்கிறது. அடுத்த வரியிலேயே ஒரு கதை. ரப்பா, ரபி செய்ரா என்ற இரு அறிஞர்கள் சேர்ந்து பூரிம் விருந்து உண்கிறார்கள். போதையில் ரப்பா எழுந்து ரபி செய்ராவின் கழுத்தை அறுத்துவிடுகிறார். மறுநாள் தெளிந்து, அழுது வேண்டி, உயிர்ப்பிக்கிறார். அடுத்த வருடம் 'வாருங்கள், சேர்ந்தே கொண்டாடுவோம்' என்று அழைக்க, 'ஒவ்வொரு தடவையும் அற்புதம் நடந்துவிடாது' என்கிறார் செய்ரா. கட்டளையையும் எச்சரிக்கையையும் அருகருகே வைத்திருக்கிறார்கள். பிற்கால அறிஞர்கள் பலர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டுத் தூங்கினால் போதும் என்றார்கள். தூங்குபவனுக்கும் வித்தியாசம் தெரியாதுதானே.

வேஷம் போடும் வழக்கம் பிற்காலத்தியது, இத்தாலியில் கிறிஸ்தவர்களின் கார்னிவல் கொண்டாட்டத்தைப் பார்த்துத் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். ஆனாலும் கதைக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எஸ்தர் தன் அடையாளத்தை மறைத்தவள். அதைவிடப் பெரிய மறைவு ஒன்றும் இந்தப் புத்தகத்தில் உண்டு. எபிரேய எஸ்தர் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கடல் பிளக்கவில்லை, வானத்திலிருந்து குரல் வரவில்லை, தேவதூதர் வரவில்லை. இருப்பதெல்லாம் ஒரு ராஜாவின் தூக்கமின்மை, சரியான பக்கத்தில் திறந்த ஒரு குறிப்பேடு, தைரியம் வந்த ஒரு பெண். இது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஜெபங்களைச் சேர்த்துவிட்டார்கள். யூத மரபு கடவுள் இல்லாத அந்த எபிரேய வடிவத்தையே வைத்துக்கொண்டு, அவர் மறைந்து நின்று நடத்துகிறார் என்று வாசித்தது. அற்புதங்கள் கண்ணுக்குத் தெரியாத காலத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வாசிப்பு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இது உண்மையில் நடந்ததா? அகாஸ்வேரு என்பவர் கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட முதலாம் செர்க்ஸஸ் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவருடைய மனைவியின் பெயரை அமெஸ்ட்ரிஸ் என்கிறார். யூத ராணி ஒருத்தி இருந்ததற்குப் பாரசீகப் பதிவுகளில் சான்று கிடைக்கவில்லை. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் எஸ்தர் புத்தகத்தின் துண்டு ஒன்றுகூட இல்லை. ஆய்வாளர்கள் பலர் இதை வரலாற்றுப் பின்னணியில் எழுதிய கதையாகவே பார்க்கிறார்கள். பண்டிகை பழையது என்பதில் சந்தேகமில்லை. பழைய யூத வரலாற்று நூலான மக்கபேயரின் இரண்டாம் நூல் ஆதார் 14-ஐ 'மொர்தெகாயின் நாள்' என்கிறது. ஈரானின் ஹமதானில் எஸ்தர், மொர்தெகாய் கல்லறை என்று மரபு காட்டும் இடத்துக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள்.

ஒன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கிவிட்டுப் பூரிமைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. எதிரிகளில் 75,000 பேரை யூதர்கள் கொன்றதாக அங்கே எழுதியிருக்கிறது. கொள்ளைப் பொருளில் அவர்கள் கைவைக்கவில்லை என்றும் மூன்று முறை வருகிறது. ஆயுதமே இல்லாத மக்கள் கண்ட பழிதீர்க்கும் கனவு இது என்று வாசிப்பவர்கள் உண்டு. தற்காப்புப் போர் என்று சொல்பவர்களும் உண்டு. 1994-இல் பூரிம் நாளன்று எபிரோனில், முன்னோர்களின் கல்லறை வளாகத்து மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களை யூதத் தீவிரவாதி ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு இந்த அதிகாரத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்வியை யூதர்களில் பலர் இன்னும் தீவிரமாகக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

பூரிம் ஒன்றோடு நிற்கவில்லை. ஆபத்திலிருந்து தப்பிய ஊர்கள் தங்களுக்கென்று சொந்தப் பூரிம் வைத்துக்கொண்டன. 1524-இல் கெய்ரோவில் ஆளுநர் அஹமத் பாஷாவின் மிரட்டலிலிருந்து தப்பிய யூதர்கள் அந்த நாளைக் கெய்ரோ பூரிம் ஆக்கினார்கள். பிராங்க்பர்ட்டில் 1614-இல் வின்சென்ஸ் ஃபெட்மில்க் தலைமையில் கும்பல் யூதத் தெருவைச் சூறையாடி அவர்களை விரட்டியது. 1616-இல் அவன் தண்டிக்கப்பட்டு அவர்கள் ஊர் திரும்பிய நாள் 'வின்ஸ் பூரிம்' ஆனது. இந்தக் கதையின் பலம் பகைவர்களுக்கும் தெரிந்திருந்தது. நாஜிப் பத்திரிகை நடத்தி யூத வெறுப்பைப் பரப்பிய யூலியுஸ் ஷ்ட்ரைக்கர், நாஜித் தலைவர்களை விசாரித்துத் தண்டித்த நூரம்பெர்க் நகரில், 1946 அக்டோபர் 16 அன்று தூக்குமேடையில் 'பூரிம் விழா 1946' என்று கத்தினான்.

இந்தியாவில் கொங்கண் கரையில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் பூரிமை மராத்தியில் 'ஹோலிச்சா சண்', அதாவது ஹோலிப் பண்டிகை, என்றே அழைத்தார்கள். இரண்டும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வருபவை. பக்கத்து வீட்டுப் பண்டிகையின் பெயரில் தங்கள் பண்டிகையைச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

2027-இல் பூரிம் மார்ச் 22 மாலை தொடங்கி மார்ச் 23 வரை இருக்கும். எருசலேமில் ஒரு நாள் தள்ளி. யூத நண்பர் யாராவது அழைத்தால் 'ஹக் பூரிம் சமேயாக்' என்று வாழ்த்தலாம், மகிழ்ச்சியான பூரிம் என்று பொருள். வேஷம் போட்டுக்கொண்டு போனால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். உணவு கொண்டுபோவதாக இருந்தால் கோஷர் உணவுச் சட்டம் பார்ப்பவர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழங்கள் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மெகில்லா வாசிக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம், அன்று அவர்களை யாரும் சத்தம் போடாதே என்று சொல்லப்போவதில்லை.